தோளுக்குப் பின்னால் ஒரு தேதி

அன்றைக்கு நல்ல மடவை வந்திருந்தது. வசந்தா எங்கள் வீட்டுப் பின்வாசலில் அருவாமணையைப் போட்டு உட்கார்ந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளைக்குப் பக்கத்தில் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் இருந்து சிதம்பரத்துக்கு மீன் கொண்டுவருபவள் அவள். வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டுக்கு அவள் கொண்டுவரும் மீன்தான்.

நான் உள்ளே கூடத்துத் தரையில் பழைய கூட்ஸ் வண்டிப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தேன். முட்டி வலிக்கிறது என்று வீட்டில் ஒரு வேலையும் செய்யாதவள், இதற்கு மட்டும் மணிக்கணக்கில் மண்டி போடுவேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்த வசந்தா, படங்களைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னாக்கா இது, எல்லாம் கூட்ஸ் பொட்டியா இருக்குது? இந்த மாதிரி ஒன்னு எங்க வூட்லயும் இருக்குது."

"பொட்டியா? உங்க வீட்லயா?"

"போட்டோவுலக்கா. எங்கப்பா நிக்கிறாரு, பின்னால பொட்டி. எங்கம்மா அத்த வெளிய எடுக்காது. எடுத்தா திட்டும்."

"யாரை?"

"எங்கப்பாவத்தான்" என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி மீனிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பித்து பிடித்த கதை

போன வாரம் இந்தப் பத்தியில், நான் பணி ஓய்வு பெற்ற நாளன்று எனக்குப் போட்ட சால்வையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, இதைத்தான் செய்கிறேன். ஓடாத ரயில்களின் சரக்குப் பெட்டிகளில் என்ன எழுதியிருந்தது, எப்படி எழுதியிருந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது. மரியாதை அதைவிடக் கிடையாது.

நான் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுபவளாக இருந்தேன். வாய்க்கால், மதகு, கரை என்று வாழ்க்கை பூராவும் தண்ணீர் போகும் வழியை வரைந்தவள். கணினி வருவதற்கு முன்னால், வரைபடத்தின் மூலையில் போடும் எழுத்தை வைத்தே யார் வரைந்தது என்று சொல்லிவிடுவோம். எங்கள் தலைமை வரைவாளர் கோடு கோணினால் மன்னிப்பார், எழுத்து கோணினால் மன்னிக்க மாட்டார். அப்படிப் பழகிய கண் சும்மா இருக்குமா?

சிதம்பரம் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரோடு நிற்கும்போது கூட்ஸ் வண்டி போகும். மற்றவர்கள் "இன்னும் எத்தனை பொட்டிடா" என்று சலித்துக்கொள்வார்கள். நான் எழுத்தைப் பார்ப்பேன். பெட்டியின் எண், காலியாக இருக்கும்போது அதன் எடை, எவ்வளவு ஏற்றலாம், எந்தப் பணிமனையில் பழுது பார்த்தார்கள், எல்லாம் வெள்ளைப் பெயின்ட்டில் பக்கவாட்டில் இருக்கும். ஒரு பணிமனையில் இரண்டின் வால் நீளம். இன்னொன்றில் ஐந்துக்குத் தலை தட்டை. ஸ்டென்சில் வெட்டியவரின் கை அப்படி. கேட் திறந்து, பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்து, என் பரம்பரையையே திட்டின பிறகுதான் வண்டியை எடுப்பேன்.

"ஊருல பொம்பளைங்க பட்டுப்புடவை பார்டரைப் பாப்பாங்க. என் பொண்டாட்டி கூட்ஸ் பொட்டி பார்டரைப் பாக்குறா" என்று வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டும். அவர் நாள் முழுக்கப் பார்க்கும் கிரிக்கெட்டால் யாருக்கு என்ன லாபம்?

மீட்டர்கேஜ் பாதையை எடுத்தபோது அந்தக் காலத்துப் பெட்டிகளைப் பெரும்பாலும் வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சிலவற்றை மட்டும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பாதையோரத்தில் சாமான் அறையாக இறக்கி வைத்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் சரக்குப் பெட்டியைப் படம் எடுத்ததில்லை. பிலிம் விற்ற விலைக்கு யார் எடுப்பார்கள்? மனிதர்களை எடுத்தார்கள், பின்னால் பெட்டி தானாக விழுந்தது. அதனால் நான் ஊரார் வீட்டுப் படங்களைக் கேட்டு வாங்கி, மனிதர்களை விட்டுவிட்டு முதுகுப் பக்கத்தைப் பார்க்கிறேன்.

ஒருமுறை பண்ருட்டி பக்கம் ஒரு வீட்டில், மாற்றலாகிப் போன ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாலை போட்ட படத்தைக் காட்டினார்கள். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றின பெட்டி ஒன்று பின்னால் நிற்கிறது. நான் அரைமணி நேரம் பார்த்ததில் அந்த வீட்டு அம்மா நெகிழ்ந்துபோய், "எங்க மாமனாரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மாமனாரின் முகத்தை நான் அதுவரை பார்க்கவேயில்லை.

கிள்ளைக்குப் போனது

வசந்தாவை விடுவேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மினிபஸ் ஏறிவிட்டேன்.

அவளுடைய அம்மா பெயர் அஞ்சலாட்சி. எழுபதை நெருங்கிய வயது. வாசலில் சாக்கை விரித்து, காய்ந்த சென்னாக்குன்னியில், அந்தப் பொடி இறாலில், தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவ்வளவு பெரிய பொட்டை இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை.

"ஒரு பொட்டியப் பாக்கவா பஸ் ஏறி வந்த?" என்று கேட்டார். ஆனாலும் உள்ளே போய், பழைய துணியில் சுற்றியிருந்த படத்தை எடுத்துவந்து, என் முன்னால் கவிழ்த்து வைத்தார். திருப்பவில்லை. சென்னாக்குன்னியிடமே போய்விட்டார்.

நான் திருப்பினேன். உள்ளங்கை அகலக் கறுப்பு வெள்ளைப் படம். தலையில் துண்டு கட்டிய ஓர் இளைஞர் சரக்குப் பெட்டியின் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. அவருடைய இடது தோளுக்கு மேலே வெள்ளை எழுத்தில் ஒரு மாதமும் வருடமும்.

அவர் கலியமூர்த்தி. வசந்தாவின் அப்பா. கடலில் வேலை இல்லாத நாட்களில் கடலூருக்குப் போய் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றுவார். வசந்தா கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிய வயதில், ஓர் ஐப்பசி மாதம், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து குமராட்சிப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்ற நேரத்தில், கடலூருக்கு லோடு ஏற்றப் போகிறேன் என்று கிளம்பினார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். கடலூருக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. குப்பமே படகை எடுத்துக்கொண்டு தேடியது. உடல் கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் சொன்னதன் பேரில், அஞ்சலாட்சி பொட்டை எடுத்தார்.

"அப்புறம் சில வருசம் கழிச்சி எங்க சம்மந்தம் மாமா இந்த போட்டோவக் கொண்டாந்தாருக்கா" என்றாள் வசந்தா. சம்மந்தம், அஞ்சலாட்சியின் தம்பி. அவரும் மூட்டை ஏற்றியவர்தான். கூட வேலை செய்த ஒருவர் வீட்டில் கிடந்த படத்தை, அக்காவிடம் கொடுக்கலாம் என்று வாங்கி வந்திருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். படத்தில் இருந்த வருடத்தைப் படித்தார். அது கலியமூர்த்தி காணாமல் போனதற்கு ரெண்டு வருடம் பிந்தியது.

"'யக்கா, உன் புருசன் சாவல. அவரு போனதுக்கு அப்புறம் வந்த வருசம் பொட்டியில எழுதியிருக்குது, அதுக்கு முன்னால நிக்கிறாரு பாரு'ன்னு மாமா சொன்னாரு. எங்கம்மா அன்னிக்கே பொட்ட வச்சிக்கிச்சு. அன்னியிலேர்ந்து திட்டுது."

சாக்கின் பக்கமிருந்து குரல் வந்தது. "திட்டாம? கடலூரு வரைக்கும் வந்து போட்டோ புடிக்கத் தெரியுது, இங்க இருக்குற கிள்ளைக்கு வரத் தெரியலயா? எவ வூட்ல சோறு துண்றாரோ!"

வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் ஏறும்போதுதான் மீதியைச் சொன்னாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "ஓடிப்போனவன் மவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்களாம். அவள் புருசன் குடித்துவிட்டுச் சண்டை போடும்போது முதலில் எடுப்பது அந்த வார்த்தையைத்தானாம். ஆடி அமாவாசைக்குக் குப்பமே செத்தவர்களுக்குப் படையல் போடும்போது இவர்கள் வீட்டில் மட்டும் அடுப்பு எரியாது. செத்தவர் யாருமில்லையே.

அந்தத் தேதி பெட்டியில் இருந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். ஆனால் அளந்து பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று முப்பது வருட உத்தியோகம் என்னைப் பழக்கியிருந்தது. படத்தை மட்டும் செல்போனில் நன்றாக எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் ஊற்றிப் படித்தது

கடலூர் பழைய டவுன் பக்கம், தண்டவாளத்துக்குத் தள்ளி, படத்தில் இருக்கும் பெட்டியின் அதே ரகத்தில், சக்கரமில்லாத பெட்டி ஒன்று கிடக்கிறது. அதற்குள் சிமென்ட்டும் மண்வெட்டியும் வைத்திருக்கிறார்கள். முன்பே ஒருமுறை அனுமதி கேட்டுப் போய், அங்கிருந்த போலீஸ்காரரிடம் "செல்பி எடுக்குறவங்களத்தான் புடிக்கச் சொல்லியிருக்காங்க, உங்கள என்னா கேஸுல புடிக்கிறதுன்னு தெரியல மேடம்" என்று பெயர் வாங்கிய இடம். இந்தத் தடவையும் அவர்தான் இருந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

துருப்பிடித்த பெட்டியில் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது தண்ணீரை வீசி அடித்தால், எழுத்து இருந்த இடம் மட்டும் வேறு மாதிரி நனையும். காய்வதற்குள் படித்துவிட வேண்டும். காய்ந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். நான் ஊற்றினேன், படித்தேன், மறுபடி ஊற்றினேன். சேலை முழங்கால் வரை நனைந்தது.

இரண்டு வரிகள் எழுந்து வந்தன. மேல் வரியில் பணிமனையின் சுருக்கெழுத்தும், பெட்டியைப் பிரித்துப் பழுது பார்த்து முடித்த தேதியும். கீழ் வரியில் 'ரிட்டர்ன்' என்று ஒரு சொல்லும் இன்னொரு தேதியும். அந்தப் பெட்டி அடுத்த பழுதுக்கு எப்போது பணிமனைக்குத் திரும்பி வர வேண்டுமோ, அந்தத் தேதி. பெயின்ட் அடித்து வெளியே விடும்போதே, மூன்று நான்கு வருடம் கழித்து வர வேண்டிய நாளையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அது அவர்கள் வேலை செய்யும் முறை. தெரியாதவர்களுக்கு அது ஏதோ அன்றைய வருடம் என்றுதான் தோன்றும்.

கலியமூர்த்தி மேல் வரியை முழுதாக மறைத்துக்கொண்டு நிற்கிறார். கீழ் வரியின் சொல்லையும் மறைத்துக்கொண்டு நிற்கிறார். தேதி மட்டும் தோளுக்கு வெளியே வந்துவிட்டது. பெட்டியில் இருந்ததை வரைதாளில் பிரதி எடுத்துவந்து, படத்தைப் பெரிதாக்கி அதன் மேல் வைத்துப் பார்த்தேன். தேதிகள்தான் வேறு, மற்றபடி கம்பிக்குக் கம்பி, எழுத்து இருந்த இடமெல்லாம் பொருந்தியது. அவர் காதோரத்தில் தூசி என்று நான் நினைத்த புள்ளி, அந்தச் சொல்லின் கடைசி எழுத்தினுடைய நுனி.

சரி, திரும்ப வேண்டிய தேதிதான். அதற்காக, அவர் காணாமல் போன பிறகு இந்தப் படம் எடுத்திருக்க முடியாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதற்கு எனக்கு பெயின்ட் உதவியது. சரக்குப் பெட்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டினாலே மங்கிவிடும். மூட்டை ஏற்றுகிறவர்கள் சாக்பீஸால் கோடு போட்டு, கிறுக்கி, அழித்து, பாழாக்கிவிடுவார்கள். இந்தப் பெட்டியில் ஒரு கிறுக்கல் இல்லை. எழுத்து பளிச்சென்று இருக்கிறது. பணிமனையை விட்டு அப்போதுதான் வெளியே வந்த பெட்டி. திரும்ப வேண்டிய தேதியிலிருந்து அந்த மூன்று நான்கு வருடத்தைக் கழித்தால், படம் எடுத்தது அந்த ஐப்பசிக்கு நன்றாக முந்தி. அழகான புதுப் பெட்டி என்றுதான் அதன் முன்னால் நின்றிருக்கிறார்.

நான் கூடத்தில் தனியாகக் கை தட்டினேன். இத்தனை வருடத்தில் என் கிறுக்கு ஒரு மனுசருக்கு உபயோகமாகிவிட்டது என்று அப்படி ஒரு சந்தோஷம். உடனே வசந்தாவுக்குப் போன் போட்டேன்.

அவள் அழுதாள். "எங்கப்பா ஓடலக்கா. எங்கப்பா ஓடல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா. அம்மாகிட்ட சொன்னா... பொட்டு?"

எனக்கு அப்போதுதான் அந்தப் பெரிய பொட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. சந்தோஷமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சொல்ல வேணாம்னா வுட்டுடலாம் வசந்தா. உனக்குத் தெரிஞ்சா போதும்."

"இல்லக்கா. தண்ணியில போன மனுசன எத்தினி வருசம் திட்டிட்டோம். நீயே வந்து சொல்லு. நான் சொன்னா நம்பாது."

அஞ்சலாட்சி கேட்டது

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அஞ்சலாட்சியின் பக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன்.

"அம்மா, இந்த அட்டையில ரெண்டு தேதி போட்டிருக்கும். மாத்திரை செஞ்ச தேதி ஒன்னு. எந்தத் தேதி வரைக்கும் சாப்பிடலாம்னு ஒன்னு. அந்த ரெண்டாவது தேதி இன்னும் வரவே இல்ல. ஆனா இப்பவே எழுதிட்டாங்க, பாத்தீங்களா? அந்தப் பொட்டியில இருக்குறதும் அந்த மாதிரி தேதிதாம்மா. பொட்டி திரும்பி வரவேண்டிய நாளு. போட்டோ எடுத்த நாளு இல்ல."

மற்றதையும் சொன்னேன். புதுப் பெயின்ட்டைச் சொன்னேன். வரைதாளைக் காட்டினேன். அவர் வரைதாளைப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டையை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப, அந்த வெள்ளத்துலயேதான் போயிட்டாரா?"

வசந்தா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கியோ நல்லா இருக்காருன்னுதான திட்டுனேன்? உசுரோட இருக்குறவரத்தான திட்டுவாங்க? செத்தவர யாராவது திட்டுவாங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா வந்த? உன்ன யாரு கூப்புட்டது?"

சத்தமாக அழ ஆரம்பித்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். இத்தனை வருடம் தாமதமாக அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தது, அதைக் கொண்டுவந்தவள் நான். எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். வசந்தா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வந்தவர்களிடம் அழுதுகொண்டே, ஆனால் தலையை நிமிர்த்திச் சொன்னாள், "எங்கப்பா ஓடிப்போவல. தெரிஞ்சிக்குங்க எல்லாரும். எங்கப்பா ஓடிப்போவல."

கீழவீதியில்

ஆடி அமாவாசைக்கு முன்னால் வசந்தா போன் செய்தாள். படையலுக்கு வைக்க அப்பாவின் படத்தைச் சிதம்பரம் கீழவீதி ஸ்டுடியோவில் பெரிதாகப் போட வேண்டும், அம்மாவும் வருகிறது, நீயும் வாக்கா என்றாள். அஞ்சலாட்சி என் முகத்தில் விழிப்பாரா என்ற பயத்தோடுதான் போனேன்.

அவர் நெற்றியில் பொட்டு இல்லை. திருநீறு மட்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்டுடியோக்காரர் படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினார். இறந்தவர் படத்துக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்ய ஆரம்பித்தார். முகத்தில் இருந்த கீறலை எடுத்தார். தலைத்துண்டை எடுத்துவிட்டு முடி வைக்கட்டுமா என்று கேட்டார். வசந்தா வேண்டாம் என்றாள்.

"சரி, பின்னால இந்தப் பொட்டியத் தூக்கிட்டு நீலக் கலர் போட்டுடறேன். பாக்க லட்சணமா இருக்கும்."

"பொட்டி இருக்கட்டும்யா" என்றார் அஞ்சலாட்சி. "அவரு ஓடலன்னு சொன்னதே அதுதான். எம்மாம் பேரு எம்மாம் சொன்னாங்க. நானுந்தான் சொன்னேன். அது ஒன்னுதான் அவருக்குச் சாட்சி."

ஸ்டுடியோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று அச்சிடப் போனவரை அஞ்சலாட்சியே மறுபடி நிறுத்தினார்.

"தோளுக்கு மேல ஒரு தேதி இருக்குதுல்ல? அத்த மட்டும் எடுத்துடு."

"எதும்மா? நிறைய எழுதியிருக்கே."

அஞ்சலாட்சிக்குக் காட்டத் தெரியவில்லை. திரையில் தெரிந்த எழுத்துகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். மறைந்துபோன எழுத்து ஒன்று கிடைத்தால் போதும் என்று ஊர் ஊராக அலைகிறவளிடம், கிடைத்ததை அழிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

"வந்து சேர வேண்டிய நாளுன்னு ஒன்னு அவரு தோளு மேலயே இருந்துச்சின்னா, நான் இன்னும் வாசலத்தான் பாத்துக்கினு இருப்பேன்" என்றார். "எதுன்னு நீயே சொல்லும்மா."

நான் திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.